கேம்பெய்ன் பெண்டிங்: 138 நாள் காத்திருந்த ஓர் ஏர்பேக்

2023 மே 18, கத்திரி வெயில். நங்கநல்லூரில் இருக்கும் என் மாமாவின் காரில் ஏசி படுத்துவிட்டது. வழக்கமாக வண்டி பார்க்கும் தெருமுனை மெக்கானிக், "இது எலக்ட்ரிகல் சமாச்சாரம் சார், கம்பெனி சர்வீஸுக்கே போயிடுங்க" என்று கையை விரித்துவிட்டார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அந்த வண்டி கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தது.

ஏசியைச் சரிசெய்து பில் போடும்போது, வாடிக்கையாளரிடம் பேசி வேலையைப் பதிகிற அட்வைசர் திரையைப் பார்த்துவிட்டு, "சார், உங்க வண்டிக்கு ஒரு கேம்பெய்ன் பெண்டிங் காட்டுது. இப்போ பார்ட் ஸ்டாக் இல்ல, வந்ததும் கூப்பிடறோம்" என்றாராம்.

மாமா ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். கேம்பெய்ன் என்றால் அவருக்கு லோன் மேளா. ஏதோ இலவச வாட்டர் வாஷோ, டயர் தள்ளுபடியோ என்று நினைத்துக்கொண்டு, "சரிப்பா, வந்தா சொல்லு" என்று வந்துவிட்டார். ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டரை மாற்ற வேண்டும், மோதலில் அது விரியும்போது அதன் உலோக உறை உடைந்து சிதறலாம், அதற்காகக் குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே இலவசமாக மாற்றித் தரும் ரீகால்தான் அது என்பது அவருக்குத் தெரியவர இரண்டு வாரம் ஆனது. பாகம் மாற்றப்பட்டது அக்டோபர் 3 அன்று. மொத்தம் 138 நாள்.

ஜாப் கார்டு (வண்டிக்கு என்ன வேலை என்று சர்வீஸ் சென்டர் பதிந்து தரும் சீட்டு), மெயில்கள், மாமாவின் டைரி, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மாமா டைரி எழுதுகிறவர். பால் கணக்குக்கும் போன் கணக்குக்கும் ஒரே டைரி. கம்பெனி பெயரும் சர்வீஸ் சென்டர் பெயரும் இதில் வராது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிளானிங் வேலை பார்க்கிறவன். அதனால் இந்தக் கதையில் பாதியை வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளையாகவும், மீதியைச் சரக்கு அனுப்புகிறவனாகவும் பார்க்க முடிந்தது.

கடிதம் போன இடம்

வண்டி 2014 மாடல். மாமா அதை 2018-ல் ஒரு புரோக்கர் மூலம் 3 லட்சத்து 10 ஆயிரத்துக்கு வாங்கினார். முதல் உரிமையாளர் அண்ணா நகர்க்காரர். ஆர்சி முறையாகப் பெயர் மாறியது, இன்சூரன்ஸும் மாறியது. கம்பெனியின் பட்டியலில் மட்டும் அண்ணா நகர்க்காரரே உரிமையாளராக நீடித்தார். ரீகால் கடிதம் 2020 பிப்ரவரியில் அவர் முகவரிக்குத்தான் போயிருக்கிறது. அந்தத் தனிவீட்டை அதற்குள் பில்டரிடம் கொடுத்து இடித்தாகிவிட்டது. இப்போது அங்கே எட்டு ஃப்ளாட். கடிதம் திரும்பி வந்ததற்கான குறிப்பு கம்பெனி பதிவில் இருந்தது. பிறகு யாரும் தேடவில்லை.

மாமா பக்கமும் ஒரு தவறு உண்டு. கம்பெனி சர்வீஸ் காசைக் கறக்கும் என்று ஐந்து வருடமும் வெளியிலேயே ஆயில் மாற்றினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானும் அப்படித்தான். ஆனால் பழைய வண்டியின் விஷயத்தில், கம்பெனியின் கணினியும் அந்த வண்டியும் ஒன்றையொன்று சந்திக்கிற ஒரே இடம் சர்வீஸ் சென்டரின் வாசல்தான். அங்கே போகாவிட்டால், சேசிஸ் நம்பரை நாமே கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 17 எழுத்து. ஆர்சியில் இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்பதால். மாமா பூஜ்யத்துக்குப் பதில் ஓ போட்டு, "தகவல் இல்லை என்று வருகிறது, அப்போ ஒண்ணும் இல்ல" என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்தார்.

இதில் சொற்களின் குழப்பம் வேறு. சர்வீஸ் சென்டரில் கேம்பெய்ன் என்கிறார்கள். செய்தித்தாளில் 'கார்களைத் திரும்பப் பெறுகிறது நிறுவனம்' என்று தலைப்பு வரும். மாமி அதைப் படித்துவிட்டு, "வண்டியை எடுத்துக்கிட்டு பணத்தைக் குடுத்துடுவாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தமிழுக்கு அதுதானே பொருள்? உள்ளே ஒரு பாகம் ஆபத்தானது, இலவசமாக மாற்றித் தருகிறோம், உடனே வாருங்கள் என்பதை இந்த இரண்டு சொல்லுமே சொல்லவில்லை.

ஸ்டியரிங்குக்குள் என்ன இருக்கிறது

ஏர்பேக்கைக் காற்று நிரப்பிய பை என்று பலர் நினைக்கிறார்கள். அது மடித்து வைத்த வெறும் பை. மோதல் நடந்த மறுகணம் அதை ஊதிப் பெரிதாக்குவது இன்ஃப்ளேட்டர் என்ற சின்ன உலோக டப்பா. அதற்குள் வேதிப்பொருள் வில்லைகள் இருக்கும். மின்பொறி பட்டதும் அவை எரிந்து வாயுவாகி, கண் இமைப்பதற்குள் பை விரியும். எரியும் வேகம்தான் இதில் எல்லாமே. வில்லை கொஞ்சம் வேகமாக எரிந்தால் டப்பாவுக்குள் அழுத்தம் எகிறும், டப்பா தாங்காது.

உலகம் அறிந்த உதாரணம் ஜப்பானின் தகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள் ரீகால் செய்யப்பட்டன; அங்கே இறந்தவர்கள் 25 பேருக்கு மேல். அந்த நிறுவனம் 2017 ஜூனில் திவாலானது. அவர்கள் பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் படிக அமைப்பு மாறும் குணம் அதற்கு உண்டு. அது மாறாமல் இருக்க வேறு பொருள் கலந்துதான் செய்தார்கள். ஆனால் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தி இல்லாத டப்பாக்களில், வருடக்கணக்கில் ஈரமும், பகலில் சூடு இரவில் குளிர்ச்சி என்ற ஏற்ற இறக்கமும் சேர்ந்து வில்லைகளை நொய்யவைத்துவிட்டன. நொய்ந்த வில்லை வேகமாக எரியும். சில 2001 முதல் 2003 வரையிலான ஹோண்டா, அக்யூரா மாடல்களிலிருந்து எடுத்த இன்ஃப்ளேட்டர்களைச் சோதித்தபோது உடையும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருந்ததாக அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2016-ல் அறிவித்தது. அதனால்தான் மாற்றுப் பாகங்களை எல்லோருக்கும் ஒரே வரிசையில் கொடுக்காமல், சூடும் ஈரமும் அதிகமான ஃபுளோரிடா போன்ற மாநிலங்களை முதலில் வைத்தார்கள்.

மாமாவின் வண்டியில் இருந்தது யார் செய்த இன்ஃப்ளேட்டர் என்ற விவரத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் சூடும் ஈரமும்தான் எதிரி என்றால், சென்னைக்கு எந்த வரிசையில் இடம் கொடுப்பீர்கள்? மாமா வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. வாங்கிய ஐந்து வருடமாக அந்த வண்டி தெருவில், மேற்கு வெயிலைப் பார்த்து நிற்கிறது. மே மாதம் மதியம் அதன் ஸ்டியரிங்கைத் துண்டு போட்டுத்தான் பிடிக்க முடியும். இரவிலோ கடல்காற்றின் பிசுபிசுப்பு. மூடுபனியும் குளிரும் உள்ள ஊரில் இருக்கும் அதே மாடலும் இதுவும் ஒன்றல்ல.

விஷயம் புரிந்ததும் மாமி முன்சீட்டில் உட்கார மறுத்துவிட்டார். வாரம் இரண்டு நாள் முட்டிவலிக்கு பிசியோதெரபி போகிறவர், அன்றிலிருந்து பின்சீட்டில் முதலாளி மாதிரி போனார். ரீகால் டிரைவர் பக்கத்து ஏர்பேக்குக்கு மட்டும்தான் என்று நான் சொன்னபோது, "அப்போ உங்க மாமாவுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு, சற்று யோசித்து, "பரவால்ல, பின்னாடியே வசதியாத்தான் இருக்கு" என்றார்.

தெருமுனை மெக்கானிக் ஒரு வழி சொன்னார்: "கனெக்டரைப் பிடுங்கிட்டா வெடிக்கவே வெடிக்காது சார், அஞ்சு நிமிஷ வேலை." மாமாவுக்குப் பாதி மனது. நான் வேண்டாம் என்றேன். கம்பெனி 'ஓட்டாதீர்கள்' என்று சொல்லியிருந்தால் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். அப்படிச் சொல்லாத நிலையில், ஏர்பேக்கே இல்லாமல் ஜி.எஸ்.டி. ரோட்டில் போவது அதைவிடப் பெரிய ஆபத்தாக எனக்குப் பட்டது. தவிர, இணைப்பு விட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சில வண்டிகளில் மற்ற ஏர்பேக்குகளும் சேர்ந்து செயலிழக்கும். "புதுப்பேட்டையில் கிடைக்காத பார்ட்டா?" என்றும் மாமா ஒருநாள் கேட்டார். கிடைக்கலாம், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற சந்தை அது. ஆனால் அடிபட்ட இன்னொரு 2014 வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால், அதற்குள்ளும் அதே டப்பாதான் இருக்கும்.

டைரியில் இருப்பது

ஜூன் 2: சர்வீஸ் சென்டருக்குப் போன். அன்றுதான் கேம்பெய்ன் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். பதில்: ஏர்பேக் சம்பந்தப்பட்டது, பயப்பட ஒன்றுமில்லை, பார்ட் வரவில்லை.

ஜூன் 19: அதே அட்வைசர். பார்ட் வரவில்லை.

ஜூன் 26: நேரில் போனார். பழைய அட்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவருக்கு முதலிலிருந்து கதை. "நோட் பண்ணிக்கறேன் சார்."

ஜூலை 10: கம்பெனியின் கட்டணமில்லா எண். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து. கடைசியில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் டீலரைத் தொடர்பு கொள்ளவும்" என்றார். டீலரைக் கேட்டால், "கம்பெனி அனுப்பணும் சார்."

ஜூலை 12-ல் வரும் குறிப்பு எனக்குப் பிடித்தது. அன்று கம்பெனியிலிருந்து அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். பார்ட் வந்துவிட்டதாக்கும் என்று மாமா ஆவலோடு எடுத்தால், மே மாத ஏசி வேலை எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கிறார்கள். கூடவே, "சார், பத்துக்குப் பத்து குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்." மாமா கொடுத்துவிட்டார். "அந்தப் பொண்ணு என்ன பண்ணும் பாவம்" என்று டைரியில் எழுதியிருக்கிறார். அந்தப் பத்துக்குப் பத்து, இந்த வாடிக்கையாளருக்கு எந்தக் குறையும் இல்லை என்று எங்கோ ஒரு அட்டவணையில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஜூலை 24, ஆகஸ்ட் 3, ஆகஸ்ட் 11: பார்ட் வரவில்லை. ஆகஸ்ட் 11 குறிப்பின் கீழே கோடு போட்டு, 'மாப்பிள்ளையைக் கேட்க வேண்டும்' என்று இருக்கிறது.

ஆர்டரே போகவில்லை

மாமா என்னிடம் வந்தபோது, பாகத் தட்டுப்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். அது நம்பக்கூடிய காரணம். ரீகால் பாகத்துக்கு ஒரே நாளில் லட்சக்கணக்கில் தேவை முளைக்கும். ஆனால் அதைச் செய்யும் தொழிற்சாலை, புதிய கார்களுக்கான தினசரி அளவுக்குத்தான் இயந்திரம் வைத்திருக்கும். புதிய கார் லைனை நிறுத்திவிட்டுப் பழைய காருக்குப் பாகம் செய் என்று எந்தக் கம்பெனியும் மனமுவந்து சொல்லாது. அதோடு இன்ஃப்ளேட்டர் என்பது வெடிபொருள் சார்ந்த சரக்கு. சரக்குப் போக்குவரத்தில் ஏர்பேக் பாகங்களுக்கு யு.என். 3268 என்று தனி எண் உண்டு. ஒன்பதாம் வகுப்பு அபாயச் சரக்கு. பிரேக் பேடு மாதிரி கூரியரில் போட்டு மறுநாள் வாங்கிவிட முடியாது.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கி, கம்பெனிக்காக வக்காலத்தே வாங்கினேன். அவர் கேட்டார்: "எல்லாம் சரிடா. நமக்குன்னு ஆர்டர் போட்டிருக்காங்களா இல்லையா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு."

வங்கிக்காரர் கேள்வி. ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, இருவரும் சர்வீஸ் சென்டர் போனோம். அட்வைசரைத் தாண்டி, ஸ்பேர்ஸ் பகுதியில் இருந்தவரிடம் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த நம்பர் மேல் ஆர்டர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தட்டிப் பார்த்தார். இல்லை. மே 18 முதல் அன்றுவரை ஒரு தடவைகூடப் போடவில்லை.

ஏன்? அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். சாதாரண உதிரிபாகத்தை டீலர் இஷ்டத்துக்கு வாங்கி அடுக்கிவைக்கலாம். ரீகால் பாகம் அப்படியில்லை. அதன் செலவு கம்பெனியுடையது, அதனால் எந்த வண்டிக்கு என்று சேசிஸ் நம்பர் காட்டினால்தான் அவர்கள் அமைப்பு ஆர்டரை ஏற்கும். சேசிஸ் நம்பரை அமைப்புக்குள் கொண்டுவருவது ஜாப் கார்டு. ஜாப் கார்டு திறப்பவர் அட்வைசர். அட்வைசரோ, பார்ட் ஸ்டாக் இல்லாதபோது ஜாப் கார்டு திறக்கமாட்டார். திறந்தால் அது முடியாத வேலையாக நாள்கணக்கில் அவர் பெயரில் தொங்கும். மாதக் கடைசியில் மேலாளர் கேட்பார். ஆக, பார்ட் வந்தால் ஜாப் கார்டு, ஜாப் கார்டு இருந்தால் பார்ட். மாமா இரண்டுக்கும் நடுவில் 93 நாளாக நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் தொழிற்சாலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். டிமாண்ட் என்று அமைப்பில் ஏறாத பொருளை யாரும் லாரியில் ஏற்றமாட்டார்கள். பத்துப் பேர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாலும், திரையில் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். 'நோட் பண்ணிக்கறேன்' என்பது அந்தத் திரைக்குப் போகாது. மாமா செய்த ஆறு போன்களும் ஒரு நேரடி வருகையும் கம்பெனியைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. அந்த அட்வைசர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் சோம்பேறித்தனத்தால் இதைச் செய்யவில்லை. எந்த எண்ணை வைத்து அவரை அளக்கிறார்களோ, அந்த எண்ணைக் காப்பாற்றிக்கொண்டார்.

அன்றே ஜாப் கார்டு திறக்கவைத்தோம். ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. "வேலை இல்லாம எப்படி சார் கார்டு போடறது?" "வேலை இருக்கு, பார்ட்தான் இல்ல. அதையே எழுதுங்க" என்றேன். கடைசியில் எழுதினார்கள்: ரீகால் வேலை, ஓடிய தூரம் 71,340 கிலோமீட்டர், பாகம் கையிருப்பில் இல்லை, வாடிக்கையாளர் காத்திருக்கிறார். முதலில் 'வாடிக்கையாளர் பிறகு வருகிறார்' என்று அடித்திருந்தார்கள். அதைத் திருத்தச் சொன்னதுதான் அன்றைய பெரிய வெற்றி என்று நினைக்கிறேன். முதல் வாக்கியத்தில் தாமதம் நம்முடையது, இரண்டாவதில் அவர்களுடையது.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 21, ஆர்டர் எண் கிடைத்தது. அன்றே கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு மெயில்: தலைப்பில் சேசிஸ் நம்பர், உள்ளே ஐந்து வரி, ஜாப் கார்டின் படம். மூன்று மாதக் கோபத்தை மூன்று பக்கம் எழுத மாமா தயாராக இருந்தார்; அதைத் தனியாக டைரியில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்தோம்.

மீதி 45 நாள்

இந்தப் பகுதி தாமதத்தை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். செப்டம்பர் 20-ல் பாகம் வந்தது. மாமா வேட்டியை மாற்றி பேண்ட் போட்டுக்கொண்டு போனார். பெட்டியைப் பிரித்தால் வேறு வேரியன்ட்டுக்கானது, கனெக்டர் பொருந்தவில்லை. திரும்ப ஆர்டர். செப்டம்பர் 30-ல் சரியானது வந்தது. மறுநாள் ஞாயிறு, அதற்கடுத்த நாள் காந்தி ஜெயந்தி. அக்டோபர் 3 காலை பத்து மணிக்கு வண்டி உள்ளே போனது.

உண்மையான தட்டுப்பாடும் தவறான பெட்டியும் சேர்ந்து எடுத்தது 45 நாள். யாரும் ஆர்டரே போடாமல் ஓடியது 93 நாள். இந்த ஒரு கணக்குக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

நடுவில் மாமா, "கேஸ் போட்டுடலாமா?" என்று கேட்டதால் கொஞ்சம் படித்தேன்.

இந்தியாவில் ரொம்ப நாள் ரீகாலுக்குச் சட்டமே கிடையாது. வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் 2012-ல் ஒரு விருப்ப நெறிமுறை கொண்டுவந்தது. பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட அளவுக்குப் புகார் சேர்ந்தால், வண்டிகளை ரீகால் செய்யும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். அப்போது கம்பெனி முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வண்டியை மாற்றியோ குறையைச் சரிசெய்தோ தர வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும். மாமி கேட்ட 'திரும்பப் பெறுதல்' உண்மையிலேயே அங்கே இருக்கிறது! இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகும். ஆனால் இரண்டு ஓட்டை. ஒன்று, கட்டாய ரீகால் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். 2014 வண்டி அதிலிருந்து வெளியே விழுந்துவிட்டது. வயதாக ஆகக் கெட்டுப்போகும் இன்ஃப்ளேட்டர் போன்ற பாகத்துக்கு இந்த வரம்பு ரொம்பவே பொருந்தாது. இரண்டு, கம்பெனி தானாகவே குறையைக் கண்டு அறிவித்து ரீகால் செய்தால் அபராதம் இல்லை. அதில் நியாயம் உண்டு, இல்லாவிட்டால் எல்லோரும் மறைப்பார்கள். ஆனால் அறிவித்த பிறகு எத்தனை நாளில் முடிக்க வேண்டும்? எங்கள் வண்டிக்கு யாரும் ஒரு தேதிகூடச் சொல்லவில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது. ரீகால் வேலைக்கு வண்டியைக் கொண்டுவந்து விட்டதிலிருந்து 60 நாளுக்குள் சரியாகப் பழுது பார்க்காவிட்டால், நியாயமான காலத்தில் செய்யவில்லை என்பதற்கு அதுவே முதல்நிலைச் சாட்சி. அதை வைத்துக்கொண்டும் தகாட்டா விஷயத்தில் அங்கே மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பது வேறு. ஆனால் எண்ணத் தொடங்க ஒரு நாளாவது இருக்கிறது.

இங்கே இரண்டு பழைய அறிவிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். 2023 ஜனவரியில் மாருதி சுசூகி 17,362 வண்டிகளை ஏர்பேக் கன்ட்ரோலருக்காக ரீகால் செய்தபோது, பாகம் மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னது. பட்டியல் சின்னது, முந்தைய ஐந்து வாரத்தில் செய்த வண்டிகள்தான். 2021 செப்டம்பர் 3-ல் அதே நிறுவனம் 1,81,754 பெட்ரோல் வண்டிகளை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக ரீகால் செய்தது. பாக மாற்றம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும், அதுவரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம் என்பது அறிவிப்பு. தேசம் முழுக்கப் பார்த்தால் சாதாரண வாக்கியம். சென்னைக்காரர் படித்தால் சிரிப்பார். நவம்பர் 6 இரவு கொட்டிய மழையில் இந்த நகரமே தண்ணீர் தேங்கிய இடமாகிவிட்டது. மழை அறிவிப்பு வந்தாலே காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்துகிற ஊர் இது. டெல்லியிலிருந்து வரும் எச்சரிக்கையில் ஐப்பசி மாதத்துக்கு இடம் இருக்காதுதான்.

சரி, கேஸ் விஷயம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நாம் வசிக்கும் இடத்திலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசம். ஆனால் மாமாவுக்கு அடிபடவில்லை. சேவைக் குறைபாடு என்று மட்டும்தான் வாதாட முடியும். அதுவும் கம்பெனியிடம் புதிதாக வாங்காத, இரண்டாம் கை உரிமையாளர். "பார்ட் வந்தா போதும்டா" என்று அவரே முடித்துவிட்டார்.

அக்டோபர் 3

பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு டெக்னீசியன் சில நிமிடம் சும்மா நின்றார். ஏர்பேக் கன்ட்ரோலரில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும், அவசரப்பட்டால் முகத்தில் விரிந்துவிடும் என்றார். பிறகு ஸ்டியரிங்கின் பின்னால் இரண்டு போல்ட், மஞ்சள் கனெக்டர், ஏர்பேக் கையோடு வந்துவிட்டது. பழைய இன்ஃப்ளேட்டரைத் தனியே எடுத்து, எண் குறித்து, புதியது வந்த பெட்டியிலேயே வைத்துத் திருப்பி அனுப்பக் கட்டினார்கள். உள்ளங்கை அகலம், டிபன் பாக்ஸ் மூடி மாதிரி. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மொத்த வேலை ஐம்பது நிமிடம். பில் பூஜ்யம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். மறுநாள் மாமா இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தார், இந்தத் தடவை பூஜ்யம் பூஜ்யமாகவே. இன்னும் 'பெண்டிங்' என்றே காட்டியது. வேலை முடிந்ததும் டீலர் கம்பெனிக்குக் கிளைம் அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகுதான் அது மாறுமாம். ஒன்பது நாள் கழித்து மாறியது. வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் பார்ப்பார் என்பதால் அந்தப் பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, ஜாப் கார்டோடு ஆர்சி உறையில் வைத்திருக்கிறார்.

எதிர்வீட்டு ஆசிரியரிடமும் அதே மாடல் உண்டு. அவர் நம்பரைப் போட்டுப் பார்த்ததில் அதிலும் பெண்டிங். அவரை மாமாவே சர்வீஸ் சென்டருக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அட்வைசர் மறுபடி புதியவர். "பார்ட் ஸ்டாக் இல்ல சார், வந்ததும் கூப்பிடறோம்" என்றாராம். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஸ்டாக் கிடக்கட்டும்ப்பா. நீ முதல்ல ஜாப் கார்டைத் திற" என்றிருக்கிறார்.